லண்டன் – சூரிச்: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எவ்வளவு நேரம்?

பெரியம்மா முதல்முறையாகத் தனியே லண்டனிலிருந்து சூரிச்சுக்குப் புறப்பட்டபோது டிக்கெட்டை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "போகேக்க ரெண்டே முக்கால் மணித்தியாலம், வரேக்க அம்பது நிமிசமோ? திரும்பி வாற பிளேன் நல்ல ஸ்பீட் போல கிடக்கு."

போகும் டிக்கெட்டில் புறப்பாடு 9.00, வந்துசேர்வது 11.45. திரும்பும் டிக்கெட்டில் புறப்பாடு 18.00, வந்துசேர்வது 18.50. கழித்துப் பார்த்தால் பெரியம்மா சொன்னதுதான் வரும். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை: "அப்ப உண்மையா எவ்வளவு நேரம்?"

அக்கா சூரிச்சில் ஓர்லிக்கோன் பக்கம் இருப்பதால் இந்தப் பாதையில் பலமுறை போய் வந்திருக்கிறேன். அதை வைத்து அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களை மாற்றினால் ஐரோப்பாவின் வேறு எந்த இரண்டு நகரங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: எங்கிருந்து எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"லண்டன் – சூரிச் தூரம்" என்று தேடினால் ஓரிடத்தில் 776 வரும், இன்னோர் இடத்தில் 788 வரும், சாலைவழி என்றால் ஆயிரத்தை ஒட்டி வரும். எதுவும் பிழை இல்லை. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 777 கி.மீ. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு அளந்தால் சுமார் 788 கி.மீ. கார் என்றால் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தைத் தாண்டி, கலே, ரீம்ஸ், பாசல் என்று வளைந்து போக வேண்டும். அதனால்தான் இருநூறு கிலோமீட்டர் போலக் கூடுகிறது.

பயண நேரம் கணிக்க உங்களுக்குத் தேவையானது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம். லண்டனைப் பொறுத்தவரை எந்த விமான நிலையம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்விக் என்றால் சூரிச்சுக்கு 755 கி.மீ., லண்டன் சிட்டி என்றால் 761, லூட்டன் என்றால் 808. கேட்விக்குக்கும் லூட்டனுக்கும் 53 கி.மீ. வித்தியாசம். அது ஆகாயத்தில் நான்கு நிமிடம்கூட இல்லை. ஆனால் உங்கள் வீடு தெற்கு லண்டனில் குரோய்டனில் இருந்து, டிக்கெட் மலிவு என்று லூட்டனுக்குப் போனால், அந்த நான்கு நிமிடத்துக்குப் பதிலாகத் தரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுப்பீர்கள்.

படி 2: தூரத்தை நீங்களே கணக்குப் போடுவது

இணையத்தில் ஒரு நொடியில் கிடைக்கும்தான். ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால், பிறகு எந்தத் தளம் என்ன எண் காட்டினாலும் சரியா தவறா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான், போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

ஹீத்ரோ: 51.47, −0.45
சூரிச்: 47.46, 8.55

வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது எங்கே அளந்தாலும் ஏறத்தாழ 111 கி.மீ. இரண்டு அட்சரேகைகளுக்கும் வித்தியாசம் 4.01. அதை 111ஆல் பெருக்கினால் 445 கி.மீ. சூரிச் அவ்வளவு தூரம் தெற்கே இருக்கிறது.

கிழக்கு மேற்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால், லண்டனுக்கும் சூரிச்சுக்கும் நடுவிலுள்ள 49.5 பாகையில் அது 72 கி.மீ.தான் (111ஐ 49.5 பாகையின் கோசைனால் பெருக்கினால் வரும்). தீர்க்கரேகை வித்தியாசம் 9.00. அதை 72ஆல் பெருக்கினால் 648 கி.மீ.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஹீத்ரோவின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறது, ஏனென்றால் அது கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கிறது. சூரிச் கிழக்கே. ஆகவே 8.55இலிருந்து 0.45ஐக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். கழித்துவிட்டால் கடைசியில் 734 கி.மீ. என்று வரும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். பாரிஸ், மட்ரிட் போன்ற ஊர்களிலும் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸ் கிழக்கே, மட்ரிட் மேற்கே.

இப்போது செங்கோண முக்கோணம். 445இன் வர்க்கத்தையும் 648இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 786 கி.மீ. உருண்டைப் பூமிக்கான முழுக் கணக்கு 788 தரும். இரண்டு கிலோமீட்டர் பிழை, போகட்டும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் உள்ள பயணங்களுக்கு இந்தத் தட்டைக் கணக்கு தாராளமாகப் போதும். லிஸ்பன் – ஹெல்சிங்கி போல மூவாயிரத்தைத் தாண்டினால் மட்டும் முழுக் கணக்கு போடும் கருவியை நம்புங்கள்.

வர்க்கமூலம் இல்லாமலும் போடலாம். வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் அந்தத் தமிழ்ப் பாட்டு வாய்பாடு நினைவிருக்கிறதா? நீளத்தில் எட்டில் ஒன்றைக் கழித்துவிட்டுக் குத்துயரத்தில் பாதியைக் கூட்டு என்பது. 648இல் எட்டில் ஒன்று 81. கழித்தால் 567. 445இல் பாதி 222.5. கூட்டினால் 789.5. அந்தப் பாட்டு எவ்வளவு பழையது என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. எல்லா முக்கோணத்துக்கும் இது சரிவராது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பாதைக்குப் பார்த்துச் செய்தது போலப் பொருந்துகிறது.

படி 3: தூரத்தை நேரமாக மாற்றுவது

இந்தப் பாதையில் பறக்கும் ஏர்பஸ் 320 போன்ற விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 788ஐ 830ஆல் வகுத்தால் 57 நிமிடம். டிக்கெட்டிலோ 1 மணி 40 நிமிடம் முதல் 1 மணி 50 நிமிடம் வரை போட்டிருக்கும். மிச்ச முக்கால் மணி நேரம் எங்கே போனது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானத்துறையில் அதைப் பிளாக் டைம் என்பார்கள். சக்கரக் கட்டையை எடுத்து விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கிய ஊரில் கேட்டில் வந்து நிற்பது வரை. ஹீத்ரோவில் ஓடுபாதையை அடைய ஊர்ந்து போவதற்கே இருபது நிமிடம் ஆகலாம். அப்புறம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. அதற்கு ஒரு பதினைந்து நிமிடம். சூரிச்சில் இறங்கிக் கேட்டுக்கு வர எட்டு நிமிடம். 57, 20, 15, 8. கூட்டினால் 100 நிமிடம். சரியாக 1 மணி 40.

பாதையும் நேர்கோடு அல்ல. ஹீத்ரோவில் பெரும்பாலும் மேற்குக் காற்று அடிப்பதால் விமானங்கள் மேற்கு நோக்கியே எழும்பும். சூரிச் தென்கிழக்கே. ஆகவே எதிர்த்திசையில் எழும்பி, ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, கென்ட் பக்கமாகக் கால்வாயைத் தாண்டிப் பிரான்சுக்குள் நுழையும். ஜன்னலோரம் இருந்தால் பத்து நிமிடம் கழித்தும் லண்டனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

என் சுருக்க வழி இது: தூரத்தை 830ஆல் வகுத்து, 43 நிமிடம் கூட்டு. பாரிஸ் – சூரிச் 477 கி.மீ. வகுத்தால் 34 நிமிடம், கூட்டினால் 1 மணி 17. பாரிஸ் – ஏதென்ஸ் ஏறத்தாழ 2100 கி.மீ. வகுத்தால் 2 மணி 32, கூட்டினால் 3 மணி 15. அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் விலகாது. லண்டன் – பாரிஸ் போல 350 கி.மீ.க்கும் குறைவான பயணத்துக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாகப் போடுங்கள். அங்கே விமானம் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும்.

காற்று இன்னொரு கணக்கு. ஐரோப்பாவுக்கு மேலே உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. சூரிச்சுக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். காற்று மணிக்கு 80 கி.மீ. உதவுகிறது என்று வைத்துக்கொண்டால், உயரத்தில் பறக்கும் ஒரு 500 கி.மீ. தூரத்தைப் போகும்போது 33 நிமிடத்தில் கடக்கலாம், வரும்போது 40 ஆகும். ஏழு நிமிடம். பெரியம்மாவின் திரும்பும் டிக்கெட்டில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் இடம் கிடைக்கும் வரை ஆகாயத்தில் சுற்றிக் காத்திருப்பது இன்னொன்று. அதற்கென்றே போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. காலை நெரிசலில் பத்து நிமிடம் சுற்றுவது அங்கே செய்தியே அல்ல.

படி 4: கடிகாரம்

சுவிட்சர்லாந்து எப்போதும் பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோடை நேரம் மாறினாலும் இந்த வித்தியாசம் மாறாது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் இரண்டு நாடுகளும் ஒரே கணத்தில்தான் கடிகாரத்தை மாற்றுகின்றன. ஆகவே போகும்போது டிக்கெட் கணக்கிலிருந்து ஒரு மணி கழிக்க வேண்டும், வரும்போது ஒரு மணி கூட்ட வேண்டும். பெரியம்மாவின் 2.45 என்பது 1.45, அந்த 50 நிமிடம் என்பது 1.50. ஹெல்சிங்கி, ஏதென்ஸ் போன்ற ஊர்கள் பிரிட்டனைவிட இரண்டு மணி நேரம் முன்னால், லிஸ்பன் பிரிட்டனோடு ஒரே நேரம்.

படி 5: வாசலிலிருந்து வாசலுக்கு

பெரியம்மா கேட்டது உண்மையில் இதைத்தான். அவர் வடமேற்கு லண்டனின் ஹாரோவில் இருந்து புறப்பட்ட அந்த நாளின் கணக்கு:

காலை 5.45க்கு வீட்டைப் பூட்டினோம். ஹாரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு எஸ்எல்9 பஸ் போகிறது. நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பை கொடுத்து, பாதுகாப்புச் சோதனை முடித்து, ஒரு தேநீர் குடித்து, கேட்டுக்கு நடந்தால் 8.20. கேட் பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு 20 முதல் 30 நிமிடம் முன்பே மூடப்படும். டிக்கெட்டில் 9.00 என்றால் 8.30ஐத்தான் உங்கள் நேரமாக மனதில் வைக்க வேண்டும். சூரிச்சில் கேட்டை அடைந்தது சுவிஸ் நேரம் 11.45. ஓர்லிக்கோனில் அக்கா வீட்டு மணியை அடித்தது 13.00.

லண்டன் நேரத்தில் அது நண்பகல் 12. ஆக மொத்தம் ஆறேகால் மணி நேரம். அதில் சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து தரையைத் தொட்டது வரை ஒன்றேகால் மணி. ஐந்தில் ஒரு பங்கு. 788 கி.மீ.ஐ ஆறேகாலால் வகுத்தால் மணிக்கு 126 கி.மீ. வருகிறது. நெடுஞ்சாலையில் போகும் ஒரு காரின் வேகம்!

இதனால்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேகமான விமானத்தைத் தேடாதீர்கள் என்கிறேன். தரையில் தேடுங்கள். எங்கே மிச்சமாகும்?

முதலாவது, கைப்பையோடு மட்டும் போவது. இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரம் வரை தப்பும். முறுக்கும் மிளகாய்த்தூளும் கொண்டுபோகும் நம்மவர்களுக்கு இது சொல்ல எளிது, செய்யக் கடினம்.

இரண்டாவது, விமான நிலையம். கிழக்கு லண்டன்காரர்கள் லண்டன் சிட்டியைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். சின்ன விமான நிலையம், டிஎல்ஆர் ரயில் வாசலிலேயே நிற்கும், உள்ளே நடை குறைவு. விலை சில பவுண்டுகள் கூட இருக்கலாம். நேரத்துக்கு விலை போட்டுப் பாருங்கள். ஓடுபாதை 1508 மீட்டர்தான் என்பதால் விமானம் வழக்கத்தைவிடச் செங்குத்தாக, 5.5 பாகைச் சரிவில் இறங்கும். மற்ற இடங்களில் 3 பாகை. வயிறு கொஞ்சம் கூசும், பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, சூரிச் பக்கம். லண்டனிலிருந்து வருவோர் ஷெங்கனுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வெளியே இருந்து வருவோர், அதனால் பெரும்பாலும் ஈ (E) என்ற பகுதியில் இறங்க நேரும். அது ஓடுபாதைகளுக்கு நடுவே தனித்தீவு போல நிற்கும் கட்டடம். அங்கிருந்து ஸ்கைமெட்ரோ என்ற நிலத்தடி வண்டியில் வர வேண்டும். வண்டி ஓடும்போது மாட்டு மணியும் "மா" என்ற குரலும் ஒலிபெருக்கியில் கேட்கும். பெரியம்மா உண்மையாகவே மாடு ஏறிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாராம். அதற்கப்புறம் கடவுச்சீட்டு வரிசை. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில், பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் முதல் தடவை கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். அந்த முதல் தடவைக்கு அரைமணி கூடுதலாக ஒதுக்குங்கள்.

வெளியே வந்துவிட்டால் சூரிச் சொர்க்கம். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில். பிரதான நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஓர்லிக்கோனுக்கு ஐந்தாறு நிமிடம். பேர்ண் என்றால் நேர் ரயில் உண்டு, ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

பேர்ண், ஓல்டன் பக்கம் உறவினர் இருப்பவர்கள் பாசல் விமானத்தையும் பாருங்கள். யூரோஏர்போர்ட் என்ற அந்த நிலையம் பிரான்ஸ் மண்ணில் இருக்கிறது, ஆனால் சுவிஸ் பக்கத்துக்குத் தனி வாசல் உண்டு. வெளியே வரும்போது பலகையைப் பார்த்துச் சுவிஸ் வாசலால் வாருங்கள். மாறிப் பிரெஞ்சு வாசலால் வந்தால் பாசல் நகரத்துக்குப் போகும் 50ஆம் நம்பர் பஸ்ஸைத் தேடி அலைய வேண்டிவரும்.

இத்தனை கணக்கையும் வீணாக்கிவிடும் விஷயம் ஒன்றும் உண்டு: பயணத் தாள்கள். சுவிஸில் அகதிப் பயண ஆவணமோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள், அங்கே வதிவிட அனுமதி இருந்தாலும், லண்டனுக்கு வர விசா எடுக்க வேண்டும். லண்டனில் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சுவிஸ் குடியுரிமை உள்ளவர்களும் 2025 ஏப்ரல் 2 முதல் பிரிட்டனுக்கு முன்கூட்டியே இணையவழி அனுமதி பெற வேண்டும். அடையாள அட்டை போதாது, கடவுச்சீட்டு வேண்டும். கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு செக்-இன் மேசையில் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

படி 6: எந்த நேர விமானம்?

சூரிச்சில் இரவு ஊரடங்கு உண்டு. அட்டவணைப்படி 23.00க்குப் பிறகு விமானம் இல்லை, தாமதமானவற்றுக்கு 23.30 வரை சலுகை, மறுபடி காலை 6.00. லண்டனிலிருந்து கடைசி விமானத்தைப் பிடித்தால், அங்கே ஏற்படும் ஒரு மணி நேரத் தாமதம் சில சமயம் முழு இரவாக மாறிவிடும். எனக்கே அப்படி ஒரு இரவு வாய்த்தது. ஒரு நாற்காலியில் பைமேல் தலைவைத்துக் கிடந்தேன். அதிலிருந்து மாலை என்றால் கடைசிக்கு முந்தையதைத்தான் எடுக்கிறேன்.

இன்னொன்று: இந்தப் பாதை பிரான்சுக்கு மேலே போகிறது. பிரெஞ்சு விமானக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால், பிரான்சில் கால் வைக்காத உங்கள் விமானமும் தாமதமாகும். முதல்நாள் செய்தியைப் பாருங்கள்.

ரயிலில் போனால்?

லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டாரில் 2 மணி 20 நிமிடம் அளவில் ஆகும். அது போய் நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து கார் து லியோன் நிலையத்துக்கு ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டே நிறுத்தம். அங்கிருந்து டிஜிவி லிரியா என்ற அதிவேக ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துச் சூரிச்சில் விடும். ஹாரோ வாசலிலிருந்து ஓர்லிக்கோன் வாசல்வரை பத்து மணி நேரத்துக்கு மேல் வரும். ஆறேகாலோடு ஒப்பிட்டால் அதிகம்தான். நேரம் மட்டும் கணக்கு என்றால் விமானம். பறக்கப் பயம், பெட்டி பாரம், நடுவில் லா சப்பலில் இறங்கி ஒரு தோசை சாப்பிட ஆசை என்றால் ரயில். அந்தத் தமிழ்க்கடைத் தெரு கார் து நோர் நிலையத்திலிருந்து நடை தூரம்தான்.

பாரிஸ் – சூரிச் என்றால் கணக்கு தலைகீழ். விமானம் 1 மணி 17 நிமிடம் என்று மேலே பார்த்தோம், ஆனால் இரண்டு பக்கமும் தரையில் ஆகும் நேரத்தைக் கூட்டினால் ரயிலுக்குச் சமமாகிவிடும். பாரிஸ்காரர்கள் ரயிலிலேயே ஏறுங்கள்.

தாமதமானால் தூரம் மறுபடி வேலைக்கு வரும்

இங்கேதான் படி 2இல் போட்ட கணக்கு பணமாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் இலக்கப் பயணிகள் விதி சுவிட்சர்லாந்திலும் செல்லும், பிரிட்டனுக்கும் அதே மாதிரி ஒரு சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் பொறுப்புக்கு உட்பட்ட காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். தொகை தூரத்தைப் பொறுத்தது, அந்தத் தூரத்தையும் பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில்தான் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. 1500 கி.மீ. வரை 250 யூரோ, பிரிட்டிஷ் சட்டத்தில் 220 பவுண்டு. லண்டன் – சூரிச் இதற்குள் வரும். லண்டன் – ஏதென்ஸ் அடுத்த படிக்குப் போய்விடும்.

போய்ச் சேர்ந்த நேரம் எது என்பதில் முன்பு வாக்குவாதம் இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதா, கேட்டில் நின்றதா? ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது: விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் கணம். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத் தாமதத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அசராதீர்கள். போனை எடுத்து, கதவு திறக்கும்போது ஒரு படம் பிடித்து வையுங்கள். நேரம் அதிலேயே பதிந்திருக்கும்.